கோசாலை இருக்கட்டும், குதிகாலைப் பாருங்கள்

கேள்வி: சொந்த ஊர் மன்னார்குடி. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 76 வயது. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தெளிவில்லை. சர்க்கரைக்கு இன்சுலின், சிறுநீருக்கு டியூப். வீட்டோடு வைத்துக்கொண்ட மூன்று ஆயாக்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். கும்பகோணம் பக்கம் மூன்று முதியோர் இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றிலும் தோட்டம், கோசாலை, பஜனை ஹால் என்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: தோட்டமும் பஜனை ஹாலும் உங்கள் அம்மாவுக்கு இல்லை. அவை எழுந்து நடமாடுகிறவர்களுக்கு. கோயில், காவேரி என்று நிம்மதியாக இருக்க வருகிறவர்களை மனதில் வைத்துக் கட்டிய இல்லங்கள் கும்பகோணத்தைச் சுற்றி நிறைய உண்டு. அவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் படுத்தபடுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பது வேறு வேலை. அப்படிப் பராமரிக்கிற இடத்தைக் குறிக்க வேண்டிய ‘நர்சிங் ஹோம்’ என்ற பெயர் நம் ஊரில் பிரசவத்துக்குப் போகிற சின்ன ஆஸ்பத்திரி என்று அர்த்தமாகிவிட்டதால் குழப்பம் இன்னும் கூடுதல். அதனால் நேரில் போகும் முன் போனிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “யூரின் டியூப் போட்டு, புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நிலையில் இப்போது எத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்கள்?” ஒருவரும் இல்லை என்றால் உங்கள் அம்மாவை வைத்துத்தான் அவர்கள் தொழில் பழகப்போகிறார்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இருக்கிறார்கள் என்றால், நேரில் போய் அவர்களில் ஒருவரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வரவேற்பறையிலிருந்து தள்ளி, கடைசி அறையில் கிடக்கிறவராக இருந்தால் நல்லது. அவரும் வீட்டாரும் சம்மதித்தால், போர்வையை விலக்கி அவருடைய குதிகாலைப் பாருங்கள்.

ஏன் குதிகால்? அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதை குறைவு. இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடமும் அப்படித்தான். உடம்பு பாரம் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். முதலில் ஒரு சிவப்புத் திட்டு. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் ஆரம்பமாகிவிட்டது. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. கறுத்து, சுற்றி இருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஒரு பக்கம் அசைவில்லை, போதாததற்குச் சர்க்கரை. வலித்தால்கூடச் சொல்ல முடியாதவர். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதுதான் வழக்கம். காற்று மெத்தை போட்டிருக்கிறோம், புரட்ட வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெத்தை உதவி செய்யும், ஆள் செய்கிற வேலையைச் செய்யாது.

புரட்டிய நேரத்தைக் குறித்து வைக்கும் சார்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நிதானமாகப் பாருங்கள். 6, 8, 10, 12 என்று மணி பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் அது சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது. நிஜமான சார்ட்டில் 8.20 இருக்கும், 10.45 இருக்கும், ஓரத்தில் டீக்கறை இருக்கும். வார்டில் முப்பது வருஷம் நின்றவள் சொல்கிறேன், அழகான சார்ட்டைக் கண்டால் எனக்குப் பயம்.

அப்படியே யூரின் பேக்கையும் பார்த்துவிடுங்கள். கட்டிலின் பக்கச் சட்டத்தில், படுத்திருப்பவரின் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது, மெத்தை மேலும் கிடக்கக் கூடாது. டியூபைக் கடைசியாக எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று கேட்டால் சிஸ்டர் நோட்டைப் புரட்டிச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் போவது நல்லது. மெனுவை விசாரிக்க இல்லை, ஊட்டுவதைப் பார்க்க. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். அவர்களைச் சாய்த்து உட்கார வைத்து, ஒரு வாய் உள்ளே போனபின் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். குழைய வடித்த ரசம் சாதமே ஆனாலும் படுத்த வாக்கில் ஊட்டினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். ஒரு ஆயா எத்தனை பேருக்கு ஊட்டுகிறார் என்று எண்ணுங்கள். அப்புறம் இன்சுலின். ஊசி ஏழரைக்கு, பொங்கல் ஒன்பதுக்கு என்றால் நடுவில் சர்க்கரை இறங்கிவிடும். பேச முடிகிறவர் “தலை சுத்துது” என்பார். உங்கள் அம்மா என்ன செய்வார்?

இனி ராத்திரி. என் பெரியம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தபோது நானே போய்ப் பார்த்தேன். அடுப்படி பளிச்சென்று இருந்தது, முருங்கைக்காய் சாம்பார் மணத்தது, திருப்தியாகத் திரும்பினேன். ஒரு மாதம் கழித்து இரண்டு மணி வாக்கில் பாத்ரூம் போக எழுந்தவர் விழுந்து, ஐந்து மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. அன்று ராத்திரி அந்தக் கட்டடம் முழுவதற்கும் இருந்தது ஒரு வாட்ச்மேனும், சமையலுக்கு ஒத்தாசை செய்யும் ஒரு பெண்ணும். நான் கேட்கவே இல்லை. “எத்தனை ஸ்டாஃப்” என்று கேட்டால் சம்பளப் பட்டியலில் உள்ள மொத்தத்தையும் சொல்வார்கள். “நேற்று ராத்திரி டூட்டியில் யார் யார்?” என்று பெயர் கேளுங்கள். அதில் நர்ஸ் எத்தனை பேர், அவர்கள் மூன்று வருஷ ஜி.என்.எம் நர்சிங் டிப்ளமோ அல்லது நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களா, வெள்ளைக் கோட்டு மாட்டிய ஆயாக்களா என்றும் கேளுங்கள்.

ஊருக்கென்று சில கேள்விகள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடியில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். காற்று மெத்தை, சளி உறிஞ்சும் மெஷின், ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் கரண்டில் ஓடுபவை. ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு, டீசல் எவ்வளவு இருப்பு வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டுமே. இன்னொரு பக்கவாதம் வந்து, அது ரத்தக்கட்டியால் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு சுமார் 40 கிலோமீட்டர். ராத்திரியில் யார் முடிவெடுத்து, யார் கூடப் போவார்கள் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். பின்வாசல் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். 2004 ஜூலையில் பள்ளிக்கூடத் தீ விபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் கும்பகோணம். அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

காகித விஷயம் சுருக்கமாக. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழைப் பார்த்துவிடுங்கள். டெபாசிட் எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு திரும்பி வரும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் மாதக் கட்டணம் உண்டா, டயப்பரும் பிசியோதெரபியும் தனியா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையில் பெரும்பாலும் டயப்பரில்தான் சண்டை வரும். சேர்த்தபின் ஏதாவது சிக்கல் என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

மன்னார்குடியில் அத்தையோ சித்தியோ இருந்தால், இரண்டாவது தடவை சொல்லாமல் கொள்ளாமல் அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் மேனேஜரிடம் பேசுவீர்கள், அவர்கள் ஆயாக்களிடம் பேசுவார்கள். “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?” என்ற ஒரு கேள்வி போதும். நாலைந்து ஆயாக்கள் இரண்டு மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள் என்றால், சுவரில் மாட்டிய எந்தச் சான்றிதழையும்விட நான் அதைத்தான் மதிப்பேன்.

கடைசியாக, சேர்ப்பதற்கு முன் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்ப்பீர்களா என்று மூன்று இடத்திலும் கேளுங்கள். ஒருவர் “ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்பார். இன்னொருவர் அட்வான்ஸைப் பற்றிப் பேசுவார். மூன்றாமவர் ஒரு சிஸ்டரை மன்னார்குடிக்கு அனுப்பி, அந்தப் பெண் வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே அம்மாவின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தால், மற்ற இரண்டு பேருக்கும் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.