கேட்டால் சொல்கிறேன்: ஆறு லாரியும் நான்கு மாடியும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், மானேசர் கிடங்கு விவகாரத்தைப் படித்ததிலிருந்து அமேசானில் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது என்கிறாள். எனக்கோ முழங்கால் வலி. கரோல் பாக் வரை போய் அலைய முடியவில்லை. நம் ஒரு வீடு நிறுத்தினால் அவ்வளவு பெரிய கம்பெனிக்கு என்ன ஆகிவிடப் போகிறது?
– ஒரு வாசகி, முனிர்கா, தில்லி

பதில்: ஒன்றும் ஆகாது. ஆனாலும் உங்கள் மகளுக்கு வந்த கோபம் நியாயமான கோபம்.

அந்த விவகாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2024 மே மாதம், நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாமல் இருந்ததே, அதே நாட்கள். அரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், அரை மணி டீ இடைவேளை முடிந்ததும் ஆட்களை நிற்க வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. 24 அடி லாரிகள் ஆறையும் இறக்கி முடிக்கும்வரை தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்பதுதான் உறுதிமொழி. (நாம் பள்ளியில் ‘இந்தியா என் தாய்நாடு’ என்று கை நீட்டிச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.) தினம் பத்து மணி நேர வேலைக்கு மாதம் 10,088 ரூபாய் என்று ஒரு தொழிலாளி சொல்லியிருந்தார். ஜூனில் தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே இதைக் கையில் எடுத்தது. கம்பெனி இதைத் தனியொரு சம்பவம் என்றது.

நான் மத்திய தொழிலாளர் அமைச்சகம் இருந்த ரஃபி மார்க் ஷ்ரம் சக்தி பவனில் 29 வருடம் குமாஸ்தாவாக ஃபைல் கட்டியவன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பல தடவை தட்டச்சு செய்திருக்கிறேன் (2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் கோடையில் குடிதண்ணீரைக் குளிர வைத்துத் தர வேண்டும் என்று 18-ஆம் பிரிவில் இருந்தது. நின்றே வேலை செய்பவர்கள், சற்று ஓய்வு கிடைத்தால் உட்கார இடம் வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் வரைக்கும் யோசித்து எழுதிய நாட்டில்தான் அந்த உறுதிமொழி!

சரி, கடைக்குப் போய் வாங்கினால் பாவம் தீர்ந்துவிடுமா? என் அக்கா மகள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடம் புடவை பிரித்துப் போட்டாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. இருபத்தெட்டு வயதில் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். ஆகவே கரோல் பாக் போகிறவர்கள், அங்கே கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2011-இல் பென்சில்வேனியாவில் இதே கம்பெனியின் கிடங்கில் வெயில் தாங்காமல் ஆட்கள் மயங்கி விழ, வெளியே ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் வாய் திறந்தார்கள், சிகிச்சை பார்த்த ஒரு டாக்டர் அரசுக்குப் புகார் செய்தார், உள்ளூர்ப் பத்திரிகை விலாவாரியாக எழுதியது. அதற்கப்புறம்தான் கிடங்குகளுக்கு ஏசி வந்தது. செலவு 5.2 கோடி டாலர். யாரோ சத்தமில்லாமல் வாங்குவதை நிறுத்தியதால் வந்த ஏசி இல்லை அது.

அதனால் மகளிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், ஏன் படுத்திருக்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். கணக்கை மூடுவதானால் காரணத்தை இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு மூடட்டும். அதைவிட முக்கியம், வேலை செய்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பது. 2024 நவம்பர் 29 அன்று, ‘பிளாக் ஃப்ரைடே’ தள்ளுபடி நாளில், தில்லியிலேயே ஏறத்தாழ 200 கிடங்கு, டெலிவரி ஆட்கள் கூடிக் கோஷம் போட்டார்கள். சிலர் அமேசானை ஆரம்பித்த ஜெஃப் பெசோஸின் முகமூடியோடு. அவர்கள் குறித்துச் சொல்லும் நாளில் நாம் வாங்காமல் இருந்தால் அது அவர்கள் கணக்கில் சேரும். முழங்கால் வலிக்காரர் மற்ற நாட்களில் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. உங்கள் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள், தெரியும்.

கேள்வி: டெலிவரி பையன்களுக்கு டிப்ஸ் கொடுப்பீர்களா?
– மயூர் விஹார் வாசகர்

பதில்: கொடுப்பேன். ஆனால் போன ஜூனில் ஒரு பையன் வேறொன்று கேட்டான். எங்களுடையது தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய, லிஃப்ட் இல்லாத வீடு, நாலாவது மாடி. பத்து கிலோ இட்லி அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சட்டை நுனியால் ஃபோன் திரையைத் துடைத்துவிட்டுத்தான் ஓ.டி.பி. கேட்டான், அவ்வளவு வியர்வை. என் மனைவி நீர்மோர் கொடுத்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சி. “உங்க கம்பெனியில இனிமே வாங்காம விட்டுடட்டுமாப்பா?” என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். பயந்துவிட்டான். “ஐயோ அங்கிள், ஆர்டரை நிறுத்தாதீங்க. கீழே இறங்கி வந்து வாங்கிக்கிட்டீங்கன்னா போதும்” என்றான்.

இப்போது அழைப்பு வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன். அரிசி மட்டும் ஐந்து ஐந்து கிலோவாக வாங்குகிறோம்.