'ரெஸ்பெக்ட்' யாருடைய பாட்டு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பற்றிய கட்டுரையில் 'ரெஸ்பெக்ட்' பாடலை அவருடைய படைப்பு என்றே எழுதியிருந்தீர்கள். அதை எழுதி, 1965லேயே பாடி வெளியிட்டவர் ஓட்டிஸ் ரெட்டிங். அரீத்தா திரும்பப் பாடினார், அவ்வளவுதானே? நன்றாகப் பாடிவிட்டால் பாட்டு கைமாறிவிடுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

சட்டப்படி கைமாறாது. எழுதியவர் என்று இன்றைக்கும் அதில் இருப்பது ஓட்டிஸின் பெயர் மட்டும்தான். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவர் தரப்புக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. அரீத்தாவின் குரல் அங்கே ஒலித்தபோதெல்லாம் வரவு ஓட்டிஸ் பக்கம்தான். உங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

ஆனால் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஓட்டிஸின் பாட்டில் பேசுகிறவன் வெளியே போய்ச் சம்பாதித்துவிட்டு வீடு திரும்பும் ஆண். நான் இல்லாதபோது நீ தப்பு செய்தாலும் பரவாயில்லை, வந்ததும் மரியாதை கொடு என்கிறான். கிட்டத்தட்டக் கெஞ்சல். (அவருடன் வாசித்த மெம்ஃபிஸ் நகரத்து வாத்தியக்காரர்கள் தடதடவென்று ஓட்டுகிற வேகத்தில் அது சட்டென்று தெரியாது.) 1967 பிப்ரவரியில் நியூயார்க்கில் பாடிய அரீத்தா அந்த வரியையே திருப்பிப் போட்டார். நீ இல்லாதபோது நான் தப்பு செய்ய மாட்டேன், எனக்கே அதில் விருப்பமில்லை. பணமும் இவளுடையது. தலைப்பை எழுத்து எழுத்தாகச் சொல்லி அதட்டுகிறாரே, எல்லோருக்கும் மனப்பாடமான அந்த இடம், அது ஓட்டிஸின் பதிவில் கிடையவே கிடையாது. அக்கா எர்மாவும் தங்கை கரோலினும் பின்னாலிருந்து கொடுக்கும் பதில் குரல்களும் இல்லை. நடுவே கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் வருகிறது. அதற்கு அடியில் ஓடும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டுகள்) சாம் அண்ட் டேவ் பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுத்தவை. பியானோவும் அரீத்தாவே.

அரீத்தாவின் பதிவு அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஓட்டிஸின் பதிவு 35ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

ஓட்டிஸுக்கே இது புரிந்திருந்தது. அதே ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று சொல்லித்தான் இதைப் பாடினார். அன்று அவர் கடைசியாகப் பாடியது 'டிரை எ லிட்டில் டெண்டர்னெஸ்'. அது 1932இல் வந்த பாட்டு. பிங் கிராஸ்பி போன்றவர்கள் குழைந்து குழைந்து பாடியது. ஓட்டிஸ் தயங்கித் தயங்கித் தொடங்குவார். ட்ரம்ஸில் அல் ஜாக்சன் டக் டக்கென்று குச்சியால் தட்டி மெல்லத் துரத்த ஆரம்பிப்பார். முடியும்போது பாட்டு ஒரே கத்தலும் குதியாட்டமுமாக இருக்கும். 1966இல் அவர் அப்படிப் பதிவு செய்த பிறகு பழைய பதிவுகளை யார் தேடிக் கேட்கிறார்கள்? ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர்களின் வரிசையில் ஓட்டிஸின் பெயர் கிடையாது.

அதைப் பற்றி எழுதினாலும் ஓட்டிஸின் பாட்டு என்றுதான் எழுதுவேன். அப்போதும் ஒரு கடிதம் போடுங்கள்.