எந்தக் கறி ஆகும், எந்தக் கறி ஆகாது?

கேள்வி: என்னோடு வேலை செய்பவர் குதிரைக்கறி சாப்பிட்டதாகச் சொன்னார். அதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் குமட்டுகிறது. நானும் அசைவம்தான். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று யார் வகுத்தது?

பதில்: குமட்டினால் குமட்டட்டும், அதில் தப்பில்லை. முயல்கறியை என்னால் வாயில் வைக்க முடியாது. சின்ன வயதில் ஒரு முயல் வளர்த்தேன். என் கையில் கீரையைப் பார்த்தால் மூக்குத் துடிக்கத் துடிக்க மடியில் ஏறிவிடும். அதற்காக முயல் சாப்பிடுகிறவர்களை நான் மட்டமாக நினைப்பதில்லை.

யாரோ ஒருவர் உட்கார்ந்து வகுத்ததில்லை இது. குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 732 வாக்கில் போப் மூன்றாம் கிரகோரி, ஜெர்மானியப் பகுதியில் மதப் பணியில் இருந்த போனிஃபாஸுக்கு எழுதிய கடிதத்தில், குதிரைக்கறி தின்பதை நிறுத்தச் சொன்னார். பழைய தெய்வங்களுக்குக் குதிரையைப் பலியிட்டு உண்ணும் வழக்கம் அந்த மக்களிடம் இருந்தது. ஐஸ்லாந்துக்காரர்களோ 1000-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவத்தை ஏற்றபோது, குதிரைக்கறி தின்னச் சலுகை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பின்னால் அந்தச் சலுகை போனது. ஆனாலும் இன்றைக்கும் அங்கே குதிரைக்கறி உண்டு. பிரான்ஸில் 1866-இல் அதன் விற்பனைக்குச் சட்டம் இடம் கொடுத்தது. பொன்னிறக் குதிரைத் தலையைக் கடை வாசலில் மாட்டி வைத்தே விற்றார்கள்! பன்றியைத் தொடாத கசாக் முஸ்லிம்கள், குதிரையின் விலா இறைச்சியை அதன் குடலிலேயே அடைத்துச் செய்யும் ‘கஸி’யை விருந்தாளிக்கு மரியாதையாகப் பரிமாறுகிறார்கள்.

ஒட்டகம் முஸ்லிம்களுக்கு ஆகும், யூதர்களுக்கு ஆகாது. அசை போட வேண்டும், குளம்பும் பிளந்திருக்க வேண்டும் என்பது யூத விதி. ஜப்பானில் 675-இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் தின்னத் தடை போட்டார். 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டது ஊரறிந்த செய்தியானது.

ஆணையும் சட்டமும் இப்படி மாறி மாறி வந்திருக்கும்போது, உங்கள் சக ஊழியர் என்ன குற்றம் செய்துவிட்டார்? அவர் தட்டிலிருந்து நீங்கள் எதையும் எடுத்துச் சாப்பிட வேண்டாம். ஆனால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒருவர் சாப்பிடும்போது முகம் சுளிப்பது அவரை ரொம்பவே காயப்படுத்தும்.

கேள்வி: வேறு உணவே கிடைக்காவிட்டால், மதம் விலக்கியதைச் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். செத்த பிராணி, இரத்தம், பன்றி இறைச்சி ஆகியவற்றை விலக்கும் அதே குர்ஆன் வசனம் (2:173), வரம்பு மீறாமல் நிர்ப்பந்தத்தால் உண்பவர் மீது குற்றமில்லை என்கிறது. யூத மரபிலும் உயிரைக் காப்பது உணவு விதிக்கு மேலே நிற்கும்.