ஹோமருக்கு உறைக்காமல் போனபோது

அன்புள்ள சார்,

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் என் மகளும் நானும் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை முதலிலிருந்து பார்த்து வருகிறோம். எட்டு சீசன் வரை சாப்பாட்டை மறந்து பார்த்தோம். இப்போது பன்னிரண்டாவது சீசனில் இருக்கிறோம். சிரிப்பு வருகிறது, ஆனால் அடுத்ததைப் போடு என்று இருவருமே சொல்வதில்லை. "கதை தீந்துபோச்சுப்பா" என்கிறாள் மகள். பார்த்துப் பார்த்து நமக்குத்தான் சலித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். உண்மையில் என்ன நடந்தது?

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்களுக்குச் சலித்துவிடவில்லை, தொடர்தான் மாறிவிட்டது. கதைக்கும் பஞ்சமில்லை. சொல்லப்போனால் கதை மிதமிஞ்சிப் போயிற்று. பதினோராவது சீசனில் குதிரைப் பந்தய ஜாக்கிகள் பூமிக்கடியில் வாழும் குள்ள பூதங்கள் என்று காட்டினார்களே, அதுவும் கதைதானே!

1989 டிசம்பரில் வந்த முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவன் ஹோமர் வேலை பார்க்கும் அணுமின் நிலையத்தில் இந்த வருடம் போனஸ் கிடையாது என்று சொல்லிவிடுகிறார்கள். மனைவி மார்ஜ் சேர்த்து வைத்திருந்த பணமோ மகன் பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கச் செலவாகிவிட்டது. அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வராமல் ஹோமர் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடப் போகிறான். பிடித்தம் போகக் கைக்கு வருவது 13 டாலர். அதையும் நாய்ப் பந்தயத்தில் விட்டுவிட்டு, தோற்றதற்காக உரிமையாளன் விரட்டிவிட்ட நாயோடு வீட்டுக்கு வருகிறான். அங்கே வரும் சிரிப்பெல்லாம் ஒரு தகப்பனின் கூச்சத்திலிருந்து வருவது. அவன் முட்டாள்தான், ஆனால் தன்னால் குடும்பம் கஷ்டப்படுகிறது என்பது அவனுக்கு உறைக்கிறது.

1995இல் வந்த, கடைக்குட்டி மேகி பிறந்த கதையும் அப்படித்தான். பிடித்த வேலைக்குப் போன ஹோமர், மூன்றாவது குழந்தை வரப்போகிறது என்றதும் பழைய முதலாளி பர்ன்ஸிடமே மண்டியிட்டுத் திரும்புகிறான். 'மறக்காதே, நீ காலம் முழுக்க இங்கேதான்' என்று அவன் மேஜைக்கு எதிரே பலகை மாட்டுகிறார் பர்ன்ஸ். அந்த எழுத்துகளின்மேல் மேகியின் படங்களை ஒட்டி 'அவளுக்காகச் செய்' என்று மாற்றி வைத்திருக்கிறான் ஹோமர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது 2000இல் மாட் ஃபிளாண்டர்ஸ் இறந்துபோகும் அத்தியாயத்துக்கு வாருங்கள். பார்வையாளர்கள்மேல் டீ-ஷர்ட் சுடும் பீரங்கியை ஹோமர்தான் தன் பக்கம் திருப்ப வைக்கிறான். அவன் சரியாக அந்த நேரத்தில் குனிய, பின்னால் நின்ற மாட் அடிபட்டு மேலிருந்து விழுந்து சாகிறாள். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தவனும் அவனே. பக்கத்து வீட்டுக்காரனின் மனைவி, இரண்டு சிறுவர்களின் தாய், இவனால் செத்துப்போகிறாள். ஆனால் அது அவனைத் தொடுவதே இல்லை. அடுத்த வாரம் பழையபடி கூத்தடிக்கிறான். மாட்டுக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல் சம்பளப் பிரச்சினையில் விலகியிருந்தார் என்பது தனிக் கதை. பாத்திரத்தை அனுப்பிவைக்க வேண்டிய நெருக்கடி இருந்திருக்கலாம். அதற்காக ஹோமரை இவ்வளவு கல்நெஞ்சனாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

இந்தச் சரிவுக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு சீசன் வரை தொடரை நடத்தும் பொறுப்பிலிருந்த மைக் ஸ்கல்லி ஒருவர்மேலேயே பழி போடுகிற ரசிகர்கள் நிறைய. அது நியாயமில்லை. ஆரம்ப காலத்தில் தொடரைச் செதுக்கிய எழுத்தாளர்கள் சாம் சைமன், கோனன் ஓ'பிரையன் எல்லாம் 1993லேயே போய்விட்டார்கள். எட்டாவது சீசனோடு பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டீனும் பொறுப்பை விட்டார்கள். அப்புறம் இன்னொன்று: பார்ட்டுக்குப் பத்து வயது, அவன் தங்கை லிசாவுக்கு எட்டு, அதற்குமேல் ஏறாது. வயதே ஏறாத குடும்பத்துக்கு எதுவும் தழும்பாக நிற்க வழியில்லை. 1991 அத்தியாயம் ஒன்றில் ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளிக்கூடத்தில் காதலித்தவர்கள். 2008இல் அவர்களுடைய இளமையையே தொண்ணூறுகளுக்கு நகர்த்தி, ஹோமரை ராக் இசைக்குழு நடத்தவைத்தார்கள். நாம் நெஞ்சில் வைத்திருந்த காதல் கதையை நடக்காததாக்கிவிட்டால் அப்புறம் எதை நம்பிப் பார்ப்பது?

இதற்கெல்லாம் சாட்சி பிற்காலத்துத் தொடரிலேயே இருக்கிறது. 2011இல் 'ஹாலிடேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்', 2015இல் 'பார்ட்ஹுட்' என்று இரண்டு அத்தியாயங்கள் வந்தன. முதலாவதில் பார்ட் விவாகரத்தான தகப்பன். இரண்டாவதில் அவன் சிறுவனிலிருந்து இளைஞனாக வளர்கிறான், அப்பா தன்னைக் கவனிக்காத வருத்தத்தோடு. இரண்டிலும் வருடங்கள் ஓடுகின்றன, செய்தது செய்தவனைத் துரத்துகிறது. பழைய சூடு அப்படியே திரும்பியிருக்கிறது.

அதனால் பன்னிரண்டாவது சீசனை வரிசையாக முடித்தே தீருவேன் என்று உட்கார வேண்டாம். மகளோடு நேராக அந்த இரண்டுக்கும் போங்கள். பார்த்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.