தூக்கத்தில் எழுப்பும் வயிறு

கேள்வி: வயது 31. செல்லூரில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். நாலு மாதமாக விட்டு விட்டு வயிற்றுப்போக்கு. ரத்தம் போகவில்லை. லேபில் மலத்தைச் சோதித்ததில் கால்புரோடெக்டின் 310 என்று வந்திருக்கிறது, 50க்குள் இருக்க வேண்டுமாம். நெட்டில் பார்த்தால் குடல் கேன்சர் என்கிறார்கள். என் தாய்மாமன் (மாமனாரும் அவர்தான்) 69 வயதில் குடல் கேன்சரில் இறந்தார். நாக்கு வெள்ளையாக இருக்கிறது, வயிறு சத்தம் போடுகிறது, ஜிகர்தண்டா குடித்தால் உடனே கலக்குகிறது. மைதா குடலில் ஒட்டியிருக்குமா? தோள்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கி தினமும் போடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் குடல் புண்ணுக்குத் தான் சாப்பிட்டதில் மீந்த ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன். எடை 5 கிலோ குறைந்துவிட்டது. வேலை முடிந்து விடிகாலை 3 மணிக்குப் படுத்தால் இரண்டு தடவையாவது வயிறு எழுப்பிவிடுகிறது, தூக்கமே கெட்டுப்போச்சு.

பதில்: 310 கேன்சரைக் காட்டும் எண் இல்லை தம்பி. முதலில் அதை மனதிலிருந்து எடுங்கள்.

கால்புரோடெக்டின் என்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் இருக்கும் புரதம். கிருமிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுவதுதான் அதன் வேலை. குடல் சுவர் அழன்றால் இந்த அணுக்கள் கூட்டமாக அங்கே வந்து, அப்படியே குடலுக்குள்ளும் கசியும். புரதம் சுலபத்தில் சிதையாது என்பதால் மலத்தில் அளந்துவிடலாம். ஆனால் தல்லாகுளத்தில் நாலு போலீஸ் வண்டி நின்றால் ஏதோ நடக்கிறது என்று மட்டும்தான் தெரியும், அழகர் வருகிறாரா அடிதடியா என்று வண்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இதுவும் அப்படித்தான். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, 250ஐத் தாண்டினால் உள்ளே பார்த்தாக வேண்டும், நடுவில் இருந்தால் பெரும்பாலும் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் பார்ப்போம். க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்களில் ஏறும். சீதபேதியில் ஏறும். குடல் காசநோயில் ஏறும். நீங்கள் தினமும் போடும் டைக்ளோபினாக்கே இதை ஏற்றிவிடும்! அதை நிறுத்தாமல் எடுத்த 310ல் எவ்வளவு நோய், எவ்வளவு மாத்திரை என்று யார் பிரித்துச் சொல்வது?

மாமா விஷயம். ரத்த சொந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு தாய்மாமனுக்கு, அதுவும் அந்த வயதில் வந்தது உங்களை 31 வயதில் பயமுறுத்தப் போதாது. கீழே சொல்கிற பரிசோதனையில் அதையும் பார்த்துவிடுவார்கள். வெள்ளை நாக்கும் வயிற்றுச் சத்தமும் ஒன்றுமில்லை. ஜிகர்தண்டாவில் பால் இருக்கிறது, உங்களுக்கு இப்போது பால் சேரவில்லை, அவ்வளவுதான். மைதா எங்கேயும் ஒட்டாது, அது வாட்ஸ்அப்பில் மட்டும்தான் ஒட்டும்.

சரி, எனக்குக் கவலை தந்தது உங்கள் கடைசி வரி. அதைத் தூக்கம் கெட்ட புகாராக எழுதியிருக்கிறீர்கள். பதற்றத்தாலும் சாப்பாட்டாலும் கலங்குகிற வயிறு, நாங்கள் ஐபிஎஸ் (IBS) என்று சொல்வது, விழித்திருக்கும்போது எவ்வளவு படுத்தினாலும் ஆளைத் தூங்க விட்டுவிடும். நன்றாகத் தூங்குகிறவரை எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைப்பது பெரும்பாலும் உண்மையான குடல் நோய். 'ராத்திரியில் எழுந்து போகிறீர்களா' என்று டாக்டர் கேட்டிருந்தால் நீங்கள் இல்லை என்றே சொல்லியிருப்பீர்கள், ராத்திரியில் நீங்கள் கல்லுக்கு முன்னால் அல்லவா நிற்கிறீர்கள்! கடிகாரம் முக்கியமில்லை, தூக்கம் கலைவதுதான் முக்கியம். அதோடு 5 கிலோவும் போயிருக்கிறது. ரத்தம் இல்லை என்று ஆறுதல் பட வேண்டாம், க்ரோன்ஸிலும் குடல் காசநோயிலும் கண்ணுக்குத் தெரிகிற ரத்தமே இல்லாமல் போகலாம்.

அந்த ஸ்டீராய்டை எழுதிய கையைத் தேடிப்போய்த் திட்டலாம் என்றால், எழுதியவரே யாரும் இல்லை. நம் ஊரில் குடல் காசநோய் அபூர்வம் கிடையாது, சிறுகுடல் முடிகிற இடத்தில் க்ரோன்ஸ் மாதிரியே வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும். காசநோயாக இருந்து ஸ்டீராய்டு உள்ளே போனால், பத்து நாள் சுகமாக இருப்பது போல் காட்டிவிட்டு நோய் பரவிவிடும். ஐந்து நாள்தான் என்பதால் இன்றே நிறுத்தலாம். (வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.) டைக்ளோபினாக்கும் வேண்டாம், தோளுக்கு இப்போதைக்குப் பாரசிட்டமால்.

இந்த வாரமே குடல்நோய் நிபுணரிடம் போங்கள். ராஜாஜி அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. மலக்கிருமிப் பரிசோதனை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), அதில் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. துணுக்கு முக்கியம், காசநோயா க்ரோன்ஸா என்று பிரிக்க அதுதான் உதவும். முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கஷ்டம், உங்களுக்கு அது புதிதும் இல்லை. எல்லாம் சுத்தமாக இருந்தால், டைக்ளோபினாக்கை விட்டுச் சில வாரம் கழித்து கால்புரோடெக்டினைத் திரும்பப் பார்க்கலாம். குடல் அழற்சி நோய்தான் என்றால், மருந்து வேலை செய்கிறதா என்று அடிக்கடி குழாய் விடாமல் தெரிந்துகொள்ள இதே சோதனை ரொம்ப உபயோகப்படும். அதற்குள் காய்ச்சல், வாந்தியோடு வயிறு உப்பினாலோ, ரத்தம் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போகும்போது ரிப்போர்ட்டோடு எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள், அந்த ஸ்டீராய்டு அட்டை உட்பட. திட்டுவார்கள் என்று அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.