மாணவரின் படிப்புச் சுமையை எப்படி அளப்பது?

படிப்புச் சுமையையும் கிடைக்கும் துணையையும் ஒரே எண்ணில் அளக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2001-ல் உளவியல் ஆய்வாளர் டெமெரூட்டியும் குழுவினரும் வேலையிடங்களுக்காக முன்வைத்த கோட்பாட்டு மாதிரியே இரண்டையும் பிரிக்கிறது: சுமை சோர்வைக் கூட்டும், துணை ஈடுபாட்டை வளர்க்கும். துணையை அளக்க, ‘ஆசிரியர் உதவுவாரா?’ என்பதைவிட ‘போன வாரம் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் கிடைத்ததா?’ என்று கேளுங்கள்.

அப்புறம், எந்த மாதம் கேட்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். பாம்பன், மண்டபம் பக்கம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீனவர் வீடுகளில் வருமானம் குறையும். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் வரும். தேர்வுக் கட்டணத்துக்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்துவிட்டு வந்த பெண், ‘படிப்பு கடினமா?’ என்றால் ஐந்துக்கு ஐந்து போடுவாள். அது பாடத்தின் சுமை இல்லையே! வீட்டு நெருக்கடிக்குத் தனியாக இரண்டு கேள்வி வையுங்கள். தடைக்காலம் முடிந்தபின், ஆகஸ்டில் இன்னொரு முறை கேளுங்கள்.