ஐந்து மாதக் குழந்தையோடு லண்டன்: எதை வாங்க, எதை விட?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். அடுத்த மாதம் இரண்டு பேரும் சென்னையிலிருந்து லண்டனில் இருக்கும் கணவரிடம் போகிறோம். கடையில் மின்சார பம்ப், ஸ்டெரிலைசர், பால் சூடாக்கும் கருவி, ஐஸ் பை எல்லாம் சேர்த்து ஒரு செட் காட்டினார்கள். வாங்கினால் ஃபீடிங் பாட்டில் இலவசமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிள்ளை உங்கள் மடியிலேயே வருகிறான், பாலும் கூடவே வருகிறது. சூடாக்க எதற்குக் கருவி?

அந்த இலவச பாட்டில் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். ஃபீடிங் பாட்டில், பால்பவுடர் இவற்றை விளம்பரம் செய்வதையும், இலவசம் காட்டி விற்பதையும் நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளை வழியில் நீண்ட நேரம் தூங்கிவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளுமே என்று பயமா? கையால் அழுத்தும் சாதாரண பம்ப் ஒன்று போதும். மின்சார பம்ப்தான் வேண்டுமென்றால், சார்ஜர் அடியில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். பிரிட்டனிலும் நம்மைப் போல 230 வோல்ட்தான். ஆனால் அங்கே பிளக் கால்கள் தட்டையாக, செவ்வக வடிவில் இருக்கும். அதற்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி உள்ள பம்ப்பைக் கைப்பையிலேயே வையுங்கள். சீலைப் பிரிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள், பிரித்த பம்ப்பைப் பல கடைகள் திரும்ப எடுக்காது.

கறந்த பாலோடு லண்டனிலிருந்து திரும்பும்போது கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. ஒரு பாத்திரத்தில் 2,000 மில்லி வரை கைப்பையில் விடுவார்கள். உறைய வைத்த பாலைத்தான் விட மாட்டார்கள், அதை செக்-இன் பெட்டியில் போட வேண்டும்.

செட்டுக்கு எடுத்து வைத்த பணம் இருக்கட்டும், முதலில் சீட்டைக் கவனியுங்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டும் குட்டித் தொட்டில், அதுதான் பாசினெட், விமானத்தில் சிலதான் இருக்கும். டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் கேட்டு, பிள்ளையை எடை போட்டுப் பாருங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையையும் தூக்கச் சொல்வார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள். உறிஞ்சி விழுங்கினால் காது அடைப்பு விடும்.

நர்ஸிங் கவர் என்று விற்கிற துணியும் வேண்டாம், பருத்தித் துப்பட்டா போதும். இந்த வயதில் எதைப் போட்டாலும் இழுத்துத்தான் எறிவான்! முன்பக்கம் ஜிப் வைத்த குர்த்தி இரண்டு எடுங்கள். ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதைக் கைப்பையில் மேலாக வையுங்கள். லண்டன் போய்ச் சேர்வதற்குள் முதலாவது நனைந்திருக்கும்.